மழைக்காட்டு மரமும் கடலில் மறிக்கும் படகுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்குக் கப்பலின் பக்கச் சுவரில் தொற்றி ஏறிப் பதாகை விரிக்கும் சுற்றாடல் ஆர்வலர்களின் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். திமிங்கில வேட்டைக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் எதிரான படங்கள்தான் நினைவில் நிற்கின்றன. மரத்துக்காகவும் கடலில் இதே வேலை நடந்திருக்கிறது என்று சொன்னால் கொழும்பில் பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். மாணவர்களும் நண்பர்களும் ஒன்றிரண்டு தளபாட வியாபாரிகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்களுடையவை, பதில்களில் தெரியும் சாய்வு என்னுடையது.

மரத்தை வெட்டுவது காட்டில். அப்படியிருக்க, மறியல் ஏன் கடலில்?

காட்டில் மறிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமேசன் காட்டில் இறப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களைத் திரட்டிய சீக்கோ மெண்டிஸ் 1988ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று சொந்த வீட்டின் பின்புறத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டுக்குள் சாட்சி கிடையாது, கெமரா கிடையாது, பொலிஸ் நிலையம் பல நாள் பயணத் தூரத்தில் இருக்கும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. திருட்டு மரம் காட்டில் வெட்டப்படுகிறது. ஆனால் சுத்தமாவது காகிதத்தில். அனுமதி பெற்ற காணி ஒன்றின் பெயரில், அந்தக் காணி தரக்கூடியதைவிடப் பல மடங்கு மரத்துக்குப் பத்திரம் எழுதப்படும். பக்கத்தில் இருக்கும் பழங்குடி நிலத்திலோ தேசியப் பூங்காவிலோ வெட்டிய மரம் அந்தப் பத்திரத்தோடு ஆலைக்குப் போகும். ஆலையில் அறுத்த பிறகு எந்தப் பலகை எந்தக் காட்டினது என்று அறுத்தவனுக்கே தெரியாது. உலக மர வணிகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை சட்டவிரோதமானது என்று ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் இன்டர்போலும் 2012இல் மதிப்பிட்டன. வெறும் கோடரியால் இந்த அளவு சாத்தியமில்லை. பேனாவும் கூட வேலை செய்ய வேண்டும்.

கப்பலில் இருக்கும்போது மட்டும் மொத்தச் சரக்கும் ஒரே இடத்தில் இருக்கிறது. அனுப்பியவர் யார், வாங்குபவர் யார், எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எங்கே இறங்கப் போகிறது என்று எல்லாம் ஒரே சரக்குப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. ‘இதோ, இந்த மரம்’ என்று விரல் நீட்டிச் சொல்லக்கூடிய கடைசி இடம் அது. துறைமுகத்தைத் தாண்டினால் கதவாகவும் கட்டிலாகவும் ஆயிரம் வீடுகளுக்குப் பிரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்வது கிறீன்பீஸ் அமைப்பு மட்டும்தானா?

இல்லை. பெரிய கப்பலும் பெரிய பெயரும் அவர்களிடம் இருப்பதால் படங்களில் அவர்கள் தெரிகிறார்கள், அவ்வளவுதான். 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் போன்ற நகரங்களில் மழைக்காட்டு நடவடிக்கைக் குழுக்கள் என்ற பெயரில் சாதாரணமானவர்கள் திரண்டார்கள். போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்களுக்கு முன்னால் கயாக், இறப்பர் படகு, அலைச்சறுக்குப் பலகை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான தொன் எடையுள்ள இரும்புக்கு முன்னால் ஒரு சறுக்குப் பலகை! அறிவாளித்தனம் என்று சொல்லமாட்டேன். துணிச்சல் இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

1991இல் வெளிநாட்டு ஆர்வலர்கள் சிலர் சரவாக்கின் கோலா பாராம் துறைமுகத்துக்கே போய், மரம் ஏற்றும் பாரந்தூக்கிகளில் ஏறித் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். சிறைக்கும் போனார்கள். அவர்களுக்கு முன்பே, 1987இல், அந்தக் காட்டின் பெனான் மக்கள் மர லொறிகள் போகும் பாதைகளில் மூங்கில் தடுப்புக் கட்டிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கடல் மறியலின் மூலவர்கள் அவர்கள் என்பது என் கருத்து.

ஓடும் கப்பலில் எப்படி ஏறுகிறார்கள்?

முழு வேகத்தில் ஓடும் கப்பலில் ஏறுவது தற்கொலைக்குச் சமம். கப்பல் வேகம் குறைக்கும் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். எந்தத் துறைமுகமாக இருந்தாலும், உள்ளே வருவதற்கு முன் அந்தத் துறைமுகத்தின் வழிகாட்டி, அதாவது பைலட், கப்பலில் ஏற வேண்டும். கொழும்பிலும் அப்படித்தான். அவருக்காகக் கப்பல் மெதுவாகும்; பக்கச் சுவரில் மரப் படிகள் கோத்த கயிற்றேணி ஒன்று இறங்கும். பைலட்டின் படகு ஏணிக்கு அடியில் ஒட்டி வந்து, அலை அதைத் தூக்கும் கணத்தில் அவர் தாவிப் பிடிப்பார். ஒரு கணம் பிந்தினால் படகு கீழே போய்விடும்; ஏணியில் தொங்கும் காலை அடுத்த அலை படகோடு சேர்த்து நசுக்கும். வருடக்கணக்கில் இதையே தொழிலாகச் செய்யும் பைலட்டுகளும் இதில் இறந்திருக்கிறார்கள்.

ஆர்வலர்கள் பயன்படுத்துவது அடிப்பாகம் கெட்டியாகவும் பக்கங்கள் காற்றடைத்ததாகவும் உள்ள வேகப் படகு. கப்பலின் உடலோடு மோதினாலும் எளிதில் உடையாது. மேலே போனதும் செய்வது பெரும்பாலும் மிகச் சாதாரணமான காரியம்: பதாகை கட்டுவது, படம் எடுப்பது, கைதாகும்வரை காத்திருப்பது. ஆயுதம் எடுத்துச் செல்வதில்லை. எடுத்துச் சென்றால் அந்த நிமிடமே அவர்களுடைய வழக்கு தோற்றுவிடும்.

மியாமி வழக்கு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

சட்டம் படிப்பவர்கள் எனக்கு எழுதினால் முதலில் கேட்பது இதைத்தான். விரிவாகச் சொல்லத் தகுந்த கதை.

2001இல் பிரேசில் அரசு மகோகனி வெட்டுவதை நிறுத்தி வைத்தது. பழங்குடி நிலங்களிலிருந்து அந்த மரம் எப்படித் திருடப்படுகிறது என்று கிறீன்பீஸ் அங்கே ஆதாரங்களோடு வெளிப்படுத்தியிருந்தது. ஆனாலும் மரம் வெளியே வந்துகொண்டிருந்தது. 2002 ஏப்ரலில் ஏபிஎல் ஜேட் என்ற சரக்குக் கப்பல், ஏறத்தாழ 70 தொன் அமேசன் மகோகனியோடு, அமெரிக்காவின் மியாமியை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிறீன்பீஸ் படகுகள் கரைக்கு அப்பால் அதை எதிர்கொண்டன. இருவர் ஏறினார்கள். சட்டவிரோத மரவெட்டை நிறுத்துமாறு ஜனாதிபதி புஷ்ஷுக்குச் சொல்லும் பதாகையை விரிப்பது திட்டம். விரிப்பதற்குள் பிடிபட்டார்கள். கைதானவர்கள் ஒரு வார இறுதியைச் சிறையில் கழித்தார்கள். சிறு குற்றமாகக் கருதி வழக்கு முடிக்கப்பட்டது. மரம் அமெரிக்காவிலேயே இறங்கியது.

இத்தோடு முடிந்திருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் பதினைந்து மாதம் கழித்து, 2003 ஜூலையில், அமெரிக்க நீதித் திணைக்களம் ஏறியவர்களை விட்டுவிட்டு அமைப்பின் மீதே குற்றப்பத்திரம் தாக்கல் செய்தது. அதற்காக அது தூசு தட்டி எடுத்த சட்டம் 1872ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் துறைமுக விடுதிக்காரர்கள், கப்பல் கரை சேருமுன்பே படகில் போய் ஏறி, மாலுமிகளுக்குச் சாராயத்தையும் பெண்களையும் காட்டி மயக்கித் தங்கள் விடுதிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம் அது. நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் அதைத் தொட்டதில்லை. மழைக்காட்டுக்காகக் கப்பல் ஏறியவர்கள் சாராயத் தரகர்களின் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள்.

அபராதம் அவர்களுக்குப் பெரிய விடயமில்லை. தண்டனை கிடைத்திருந்தால் ஒரு முழு அமைப்பும் அரசாங்கத்தின் நன்னடத்தைக் கண்காணிப்பில் வந்திருக்கும். அடுத்த மறியலை நினைக்கவே முடியாது. கிறீன்பீஸோடு எந்த உறவும் இல்லாத சிவில் உரிமைக்காரர்களும் இதனால்தான் பதறினார்கள்.

2004 மே மாதம் விசாரணை நடந்தது. அரச தரப்பு தன் சாட்சியத்தை முடித்ததும், ஜூரிகளிடம் விடாமலேயே, நீதிபதி அடல்பெர்ட்டோ ஜோர்டன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தப் பழைய சட்டம், சேரிடத்தை ‘அடையவிருக்கும்’ கப்பலைப் பற்றிப் பேசுகிறது; கரையிலிருந்து பல மைல் தொலைவில் இருந்த கப்பலை அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது தீர்ப்பு. பேச்சுரிமை என்ற பெரிய கதவு திறக்கப்படவில்லை. சின்ன ஜன்னல் வழியாகத் தப்பினார்கள் என்பதே உண்மை. சிலர் இதைப் போராட்ட உரிமைக்குக் கிடைத்த மாபெரும் வெற்றியாக எழுதுகிறார்கள். அது மிகை.

எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறு. ஏறியவர்களுக்கு எதிராக 130 வருடப் பழைய சட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த அரசாங்கத்திடம், அந்த 70 தொன் எங்கே வெட்டப்பட்டது என்று இறக்குமதியாளரிடம் கேட்க ஒரு புதிய சட்டம் இருக்கவில்லை. சட்டவிரோதமாகப் பிடித்த விலங்குகளின் வணிகத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டம் மரத்துக்கும் விரிவாக்கப்பட்டது 2008இல்தான்.

இது கடற்கொள்ளை இல்லையா?

ஐ.நா. கடற்சட்ட சமவாயத்தின்படி கடற்கொள்ளை என்பது தனிப்பட்ட நோக்கத்துக்காக, ஆழ்கடலில், ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பல் மீது நடத்தும் வன்செயல். மரக்கப்பல் மறியல்கள் பெரும்பாலும் கரையோரத்தில், ஏதாவது ஒரு நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள் நடப்பவை. அங்கே அந்த நாட்டின் சட்டம் ஆளும்: அத்துமீறல், கப்பலுக்கு இடையூறு, துறைமுக விதி மீறல் என்று வழக்கு வரும். அதற்குத் தயாராகத்தான் அவர்கள் போகிறார்கள்.

2013இல் ரஷ்யா இதைச் சோதித்துப் பார்த்தது. ஆர்க்டிக் கடலின் எண்ணெய் மேடை ஒன்றில் ஏற முயன்றதற்காக, நெதர்லாந்துக் கொடியின் கீழ் ஓடிய ஆர்க்டிக் சன்ரைஸ் கப்பலைப் பிடித்து, அதிலிருந்த 30 பேர் மீதும் முதலில் கடற்கொள்ளைக் குற்றம் சுமத்தியது. பிறகு அதைக் கைவிட்டு ‘காடைத்தனம்’ என்று மாற்றியது. ஹம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம் அவர்களை விடுவிக்குமாறு உத்தரவிட்டது.

ஒரு கப்பலை மறித்து என்ன ஆகப் போகிறது? சரக்கு அடுத்த நாள் இறங்கிவிடுகிறதே?

இறங்கிவிடுகிறது. மறியலால் நிரந்தரமாகத் திரும்பிப் போன மரக்கப்பலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நோக்கமும் அதுவல்ல. ‘பத்திரம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லி நகர்ந்துவிடும் அதிகாரியை, ‘பத்திரம் உண்மையா’ என்ற அடுத்த கேள்விக்கு இழுத்து வருவதே அந்த ஒரு நாள் கூத்தின் பயன்.

மியாமிச் சம்பவம் நடந்த அதே 2002இல், நவம்பர் மாதம் சிலியின் சந்தியாகோவில் கூடிய சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சமவாயம்) மாநாடு, லத்தீன் அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மகோகனியை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு ஏற்றுமதி செய்யும் நாடு, மரம் சட்டப்படி பெறப்பட்டது என்று அனுமதிப்பத்திரம் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பல வருடம் உழைத்தவர்கள் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும். கப்பலேறியவர்கள் ஒரு பக்கத்திலிருந்து தள்ளினார்கள், அவ்வளவே. லைபீரியாவில் சார்ள்ஸ் டெய்லரின் ஆட்சி மரத்தை விற்று ஆயுதம் வாங்கியது. கரையில் மரம் ஏறிய அதே துறைமுகத்தில் ஆயுதம் இறங்கியது. ஐ.நா. பாதுகாப்புச் சபை 2003இல் லைபீரிய மரத்துக்குத் தடை விதித்தது. அதுவரை அந்த மரத்தை ஐரோப்பாவில் தாராளமாக வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். மகோகனிப் பட்டியல் மரக்குற்றி, அறுத்த பலகை, மென்தகடு, ஒட்டுப்பலகை ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது. முடிந்த தளபாடத்தை விட்டுவிட்டது. குற்றியாக வந்தால் பத்திரம் வேண்டும், நாற்காலியாக வந்தால் வேண்டாம்.

மாலுமிகள் என்ன பாவம் செய்தார்கள்?

எதுவும் செய்யவில்லை. பிலிப்பைன்ஸ், இந்தியா, இலங்கை என்று எங்கிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள். சரக்கு என்ன என்று கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை. குழப்பத்தில் யாருக்காவது அடிபட்டால் கப்டனும் அவர்களுமே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆர்வலர்களின் அறிக்கைகளில் இந்த மனிதர்கள் போதுமான அளவு வருவதில்லை.

வெள்ளைக்காரர்கள் தங்கள் காட்டை அழித்துவிட்டு நமக்குப் பாடம் எடுக்கிறார்களே?

நியாயமான கோபம். நமது மலைநாட்டு மழைக்காட்டைக் கோப்பிக்கும் தேயிலைக்குமாக மொட்டையடித்தவர்கள் யார் என்பது தெரிந்ததே. ஆனால் மேலே சொன்ன கடல் மறியல்கள் நடந்த இடங்களைப் பாருங்கள்: மியாமி, மெல்பேர்ண். வாங்குபவனின் வாசலில் நடந்தவை. விற்கிறவனை மட்டும் திருடன் என்பதைவிட இது நேர்மையானது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. சிங்கராஜ வனத்தில் 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்கள் இறங்கின. உள்ளூர் இயற்கை ஆர்வலர்களும் விஞ்ஞானிகளும் விடாமல் எதிர்த்தார்கள். 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அது உலக மரபுரிமை ஆனது. கப்பலும் இல்லை, இறப்பர் படகும் இல்லை.

இதில் கொழும்புக்கு என்ன சம்பந்தம்?

2014இல் இலங்கைச் சுங்கம் கொழும்புத் துறைமுகத்தில் 28 கொள்கலன்களை மறித்தது. உள்ளே இருந்தது மடகஸ்கரின் ரோஸ்வுட், ஏறத்தாழ 420 தொன். மடகஸ்கரில் 2009இல் ஆட்சி கவிழ்ந்த குழப்பத்தில் மசோலா, மரோஜெஜி தேசியப் பூங்காக்களுக்குள் புகுந்து கும்பல்கள் வெட்டித் தள்ளிய இன மரம் அது. சீனத் தளபாடச் சந்தையில் அதற்குப் பெரும் கிராக்கி.

அந்த மரம் இங்கே விற்க வந்ததல்ல. கொழும்பு ஒரு மாற்றுத்துறைமுகம். இங்கே கையாளப்படும் கொள்கலன்களில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். காலி முகத்திடலில் கடலை விற்பவருக்குத் தெரியும், தொடுவானத்தில் எந்நேரமும் கப்பல்கள் காத்து நிற்பது. பெட்டிக்குள் இருப்பது என்ன என்பது நமது பிரச்சினை இல்லை என்று எல்லோரும் நினைக்க வசதியான ஏற்பாடு இது. அதே 2014இல் சிங்கப்பூரில் 29,434 ரோஸ்வுட் குற்றிகள் பிடிபட்டன. வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு, 2019இல் இறக்குமதியாளர் விடுதலையானார்: சரக்கு இறக்குமதி அல்ல, வழிப்போக்கில் இருந்தது என்ற வாதம் வென்றது. கொழும்பு போன்ற துறைமுகத்துக்கு அந்தத் தீர்ப்பு கசப்பான பாடம்.

கொழும்பிலும் இப்படிப் படகில் போய் மறிக்கலாமா?

வேண்டாம். துறைமுகமும் அதன் நீர்ப்பரப்பும் பாதுகாப்பு வலயம். கடற்படை காவல் இருக்கிறது. அனுமதியில்லாமல் படகோடு நுழைபவரின் பெயரையும் ஊரையும் பார்த்து நடத்தப்படும் விதம் மாறலாம் என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடலில் போராடுவதே நமக்குப் புதிது என்று இதற்கு அர்த்தமில்லை. 2021 ஒக்டோபரில் இழுவைமடிப் படகுகளுக்கு எதிராக வடக்கு மீனவர்கள் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை கறுப்புக் கொடியோடு படகுகளில் போனார்கள். சொந்தக் கடல், சொந்தப் பிழைப்பு; அதனால் அந்தக் காட்சிக்கு எடை இருந்தது.

கொள்கலன் விடயத்தில் இங்கே பலித்த வழி நீதிமன்றம். பிரித்தானியாவிலிருந்து வந்து கொழும்பில் தேங்கிய கழிவுக் கொள்கலன்களுக்கு எதிராகச் சுற்றாடல் நீதிக்கான நிலையம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. திருப்பி அனுப்புமாறு உத்தரவு கிடைத்தது. 2022 தொடக்கத்துக்குள் 263 கொள்கலன்களும் திரும்பிப் போயின. ஒரு சட்டத்தரணி, ஒரு மனு. படமெடுக்க எதுவும் இல்லை, ஆனால் பெட்டி திரும்பிப் போயிற்று. நமது நாடு 1979இலிருந்து சைட்டிஸ் உறுப்பினர்; மரத்துக்கும் இதே வழி திறந்தே இருக்கிறது.

மரக்காலையில் வாங்கும்போது என்ன கேட்பது?

முதலில் ‘என்ன மரம், எங்கே வெட்டியது’ என்று கேளுங்கள். ‘மலேசியா மரம்’ என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். மெரந்தி என்ற மரவகையா வேறா, இறக்குமதிப் பத்திரத்தைக் காட்ட முடியுமா என்று தொடருங்கள். உள்ளூர் மரமானால் கொண்டுவந்த அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். பலா மரத்தையும் பெண் பனையையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் சட்டம் அது. முதிரையும் கருங்காலியும் மலிவாகக் கிடைத்தால் அந்த விலையே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம் என்று சான்று சொல்லும் எஃப்எஸ்சி முத்திரை நல்லது, ஆனால் அதுவே வேதமல்ல. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறீன்பீஸ் சர்வதேச அமைப்பே 2018இல் அதிருப்தியோடு விலகிவிட்டது. அலுமாரிக்கும் மேசைக்கும் இறப்பர் மரம் போதும். பால் வற்றியபின் எப்படியும் தறிக்க வேண்டிய மரம்.

வியாபாரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

எங்கள் வீட்டில் பழைய மகோகனிக் கட்டில் இருக்கிறது. வெட்கப்பட வேண்டுமா?

தேவையில்லை. மகோகனி இங்கே 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நடப்பட்டது. இன்று தோட்டமரமாக நாடெங்கும் நிற்கிறது. சைட்டிஸ் பட்டியல் அதன் தாயகமான லத்தீன் அமெரிக்கக் காடுகளில் வளரும் மரத்துக்கே பொருந்தும், நம் நாட்டில் நட்டு வளர்த்ததற்குப் பொருந்தாது. மொறட்டுவையில் செய்த கட்டிலாக இருந்தால் மரம் அநேகமாக இந்த மண்ணிலேயே வளர்ந்தது. தாராளமாகத் தூங்குங்கள்.